கலர் இலைச் செடி ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? என் 6,850 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு அந்தச் செடிக்காரன் என்னை பிளாக் செய்துவிட்டான். இரண்டு மாசமாக ‘அக்கா, அக்கா’ என்று உருகினவன். 6,850 ரூபாய். இதெல்லாம் ஒரு பணமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், எனக்குப் பெரிய பணம். தையல் மிஷினில் உட்கார்ந்து சேர்த்தது. சாதா பிளவுஸ் ஒன்றுக்கு 150 ரூபாய் வாங்குகிறேன், எத்தனை பிளவுஸ் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

பேரைப் போடச் சொல்லிக் கமெண்ட்டில் கேட்காதீர்கள். ‘கேஸ் போடுவேன்’ என்று வாய்ஸ் மெசேஜில் மிரட்டியிருக்கிறான், எனக்குக் கோர்ட்டுக்கு அலையத் தெம்பில்லை. குட்டிக் குட்டி வீடியோ போட்டுச் செடி விற்கிற பக்கம். ஆர்டர் போன் மெசேஜில், பணம் யுபிஐ-யில். அவ்வளவுதான் சொல்வேன். இந்த மாதிரி நூறு பக்கம் இருக்கிறது.

எங்கள் வீடு திருச்சியில், உறையூர்ப் பக்கம். மொட்டைமாடியில் இரண்டு வருஷம் ரோஜாவோடு மல்லுக்கட்டி, மாவுப்பூச்சியிடம் தோற்று, போதும்டா சாமி என்று விட்டுவிட்டேன். பூவே வேண்டாம், இலையே பூ மாதிரி இருக்கிற செடியாக வைப்போம் என்று முடிவு செய்தேன். அதற்குக் காரணம் எங்கள் தெருமுனைப் பாதாம் மரம். நாட்டு வாதுமைதான், பையன்கள் கல்லெறிந்து கொட்டையை உடைத்துத் தின்பார்களே, அது. தை மாசம் அதன் இலையெல்லாம் செங்கல் நிறமாகி, அப்புறம் குங்குமமாகி, பொத் பொத்தென்று விழும். தெருவே குப்பை என்று திட்டும். நான் மட்டும் பால் வாங்கப் போகிற சாக்கில் நின்று பார்த்துவிட்டு வருவேன். அதை ஒரு தொட்டிக்குள் கொண்டுவர முடியாதா என்று ஒரு ஆசை. அந்த ஆசையைத்தான் அவன் காசாக்கினான்.

ஆடிப்பெருக்கு ஆஃபர் என்று ஒரு வீடியோ. ‘வருஷம் பூரா கலர், சீசனுக்கு சீசன் இலை மாறும், ஜப்பான் மேப்பிள், இப்போ நம்ம ஊர் வெயிலுக்குப் பழக்கினது.’ நான் ஒன்றும் பார்த்தவுடன் பணம் அனுப்புகிற ஆள் இல்லை. நாலு நாள் யோசித்தேன். விலை கேட்டு மெசேஜ் போட்டேன்.

விலை சொல்வான் என்று பார்த்தால், அவன் முதலில் கேட்டது இது: “உங்க வீட்டுல வெயில் எந்தப் பக்கம் வரும் அக்கா?”

நான் விழுந்த இடம் இதுதான். எந்த வியாபாரி இதைக் கேட்பான்? செடியை விற்றால் போதும் என்றுதான் எல்லோரும் இருப்பார்கள். இவன் மட்டும் என் வீட்டு மாடியில் மேற்கு வெயில் எத்தனை மணி வரை அடிக்கிறது, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், தண்ணீர் போரா, காவிரித் தண்ணியா என்றெல்லாம் கேட்டான். நான் மேலே ஏறிப் போய் போனில் படம் பிடித்து அனுப்பினேன். “இந்த மூலையில மேப்பிள், அந்தத் தண்ணி டேங்க் நிழல்ல பிங்க் பிரின்சஸ், படிக்கட்டு ஓரமா கலேடியம், சூப்பரா இருக்கும்க்கா” என்று நான் அனுப்பின படத்தின் மேலேயே வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினான். (பிங்க் பிரின்சஸ் ரோஸ் திட்டு இலைச் செடி, கலேடியம் கிழங்கிலிருந்து முளைக்கிற கலர் இலைச் செடி.) அன்றைக்குச் சாயங்காலம் வீடியோ காலில் வந்தான். பசுமைக் குடில், பனி மாதிரித் தண்ணீர் தெளிப்பு, இலையில் துளி நிற்கிறது. ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் காட்டி, “பாருங்கக்கா, ஒரு பூச்சி கிடையாது” என்றான். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, “முன்பணம் கொஞ்சம் குடு, மிச்சம் வந்தப்புறம் குடு” என்றார். நான்தான், “நல்ல பையனா இருக்கான், அப்படிக் கேட்டா தப்பா நினைப்பான்” என்றேன். ஒருவன் தப்பாக நினைப்பானே என்று பயந்து 6,850 ரூபாயை ஒரே தவணையில் அனுப்பினவள் நான்.

கணக்கு: மேப்பிள் 2,600. பிங்க் பிரின்சஸ் 1,800. ‘மூணு கலர் கலேடியம்’ கிழங்கு ஆறு, 1,500. மண்கலவை 500. கூரியர் 450. ஆடி ஆஃபர் எங்கே என்று இப்போது தேடுகிறேன்.

பார்சல் ஒன்பதாம் நாள் வந்தது. செய்தித்தாள் சுற்றி, செல்லோடேப் அடித்து, அழுத்தமாகக் கட்டியிருந்தான். இலை பாதி உதிர்ந்திருந்தது. “டிரான்சிட் ஷாக்குக்கா, பத்து நாள் நிழல்ல வைங்க, உரம் போட்டுடாதீங்க” என்றான். வைத்தேன். மேப்பிள் பிழைத்தது. பிழைத்தது என்ன, ஆடிக்காற்றிலும் ஆவணி வெயிலிலும் அது பாட்டுக்கு இரண்டடி வளர்ந்தது. கைவிரல் மாதிரிப் பிளந்த கருஞ்சிவப்பு இலை, படத்தில் பார்த்த அதே இலை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஸ்டேட்டஸ் எல்லாம் வைத்தேன். குளிர்நாட்டு மரம் ஒன்று திருச்சி வெயிலில் மதமதவென்று வளர்கிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆயுதபூஜை அன்றைக்கு மாடி கழுவ வந்த அத்தை (என் மாமியார்) அதன் கணுவைப் பார்த்துவிட்டு, “என்னடி இது, செம்பருத்தி மொட்டு மாதிரி வெச்சிருக்கு?” என்றார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. (தயவு செய்து நீங்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள். அழகு இலைச் செடிகளில் பலது வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கிவிடும், கலேடியம் உட்பட.) மென்று முழுங்கிவிட்டு, “புளிச்சக்கீரைடி இது. என்ன, கொஞ்சம் சிவப்பு ஜாதி” என்றார்.

உண்மைதான். புளிச்சைக்குச் சொந்தக்காரச் செடி ஒன்று, செம்பருத்திக் குடும்பம், சிவப்பு இலையோடு மேப்பிளை உரித்து வைத்தாற்போல் இருக்கும். குச்சியை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே நிமிஷம் போதும்: மேப்பிளுக்கு ஒரு கணுவில் எதிரெதிராக இரண்டு இலை வரும், இதற்கு மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக வரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 2,600 ரூபாய் ஆனது.

கலேடியம் கதை இதைவிட மோசம். ஆறு கிழங்கில் இரண்டு அழுகல். மிச்சம் நாலும் முளைத்து, ஒவ்வொன்றும் முறம் மாதிரிப் பச்சை இலை விட்டது. சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. “போகப் போகக் கலர் ஏறும்க்கா” என்றான். புளிச்சை விஷயம் தெரிந்த சூட்டில், அழுகிப்போன கிழங்கைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேனே, அதை அத்தையிடம் நீட்டினேன். கண்ணாடி கூடப் போடாமல், “சேப்பங்கிழங்கு” என்றார். வளையம் வளையமாகத் தழும்பு, அதில் நார் நாராக மயிர். நானும் வாரம் ஒரு தடவை காந்தி மார்க்கெட்டில் பொறுக்கி வாங்கி வறுக்கிறவள்தானே! விலை கொடுத்து, பெயர் மாற்றி, பெட்டியில் போட்டுக் கொடுத்தால் கண் அவிந்துவிடுகிறது. கலேடியம் கிழங்கு குட்டையாக, முண்டும் முடிச்சுமாக இருக்கும், இந்த மாதிரி மயிர் இருக்காது.

பிங்க் பிரின்சஸ் மட்டும் நிஜம் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. வரும்போது நுனியில் மூன்று இலை முழுக்க முழுக்க ரோஸ். புதுக் குருத்து விரிந்தபோது வாழைக்குருத்து மாதிரி பச்சை. அடுத்ததும் பச்சை. இப்போது பழைய ரோஸ் இலையிலும் நரம்போரமாகப் பச்சை ஏறிக்கொண்டிருக்கிறது. இது மருந்து கொடுத்து வரவழைத்த ரோஸாம், சில மாசத்தில் போய்விடுமாம். நிஜமான பிங்க் பிரின்சஸில் கரும்பச்சை இலையில் ரோஸ் திட்டுத்திட்டாகத் தெளித்தாற்போல் இருக்கும், ஒரு இலை மாதிரி இன்னொன்று இருக்காது. இலையெல்லாம் ஒரே சீராக ரோஸாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். பச்சை இல்லாமல் செடி எதைக் கொண்டு சாப்பாடு செய்யும்?

சரி, கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். முதலில், “அன்பாக்சிங் வீடியோ இருக்காக்கா?” இல்லை. “அப்போ எங்க செடிதான்னு எப்படி நம்பறது?” அடுத்த நாள், “பேக்கிங் பண்ற பையன் மாத்தி வெச்சுட்டான் போல, வேற அனுப்பறேன்.” நாலு நாள் சத்தமில்லை. மறுபடி கேட்டால், “கூரியர் சார்ஜ் மட்டும் 450 போடுங்கக்கா, உடனே அனுப்பறேன்.” அதையும் போட நான் கை வைத்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன், வீட்டுக்காரர்தான் போனைப் பிடுங்கினார். அப்புறம் தொனி மாறியது. “ஒரு மாசம் வளர்த்து அனுபவிச்சுட்டு இப்போ ரிட்டர்ன் கேட்டா எப்படி?” அனுபவித்தேனாம்! சேப்பங்கிழங்கு இலையை நான் அனுபவித்தேனாம். கடைசியில் அந்த மிரட்டல் வாய்ஸ், அதோடு பிளாக்.

பேங்கில் கேட்டால், நீங்களாக அனுப்பின பணம் என்கிறார்கள். காலையில் சைபர் கிரைம் 1930-க்கு அடித்தேன், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறேன். பணம் கைமாறின சூட்டோடு சொன்னால்தான் அந்தக் கணக்கை முடக்க வழி இருக்கிறதாம். நான் இரண்டு மாசம் ‘அக்கா’வில் மயங்கி உட்கார்ந்திருந்தேன்.

வயிற்றெரிச்சல் தாங்காமல் மத்தியானம் எங்கள் ஏரியா நர்சரிக்குப் போனேன். பத்து வருஷமாக அந்த வழியாகப் போகிறேன், ஒரு தடவை உள்ளே நுழைந்ததில்லை. பெரியவர் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு. “மேப்பிளுக்குக் குளிர்காலத்துல இலைய உதுத்துட்டுத் தூங்கணும்மா. நம்ம ஊர்ல எங்க தூங்கறது? பங்குனியில இலை ஓரமெல்லாம் கருகிடும்” என்றார். ஆசைப்பட்ட கலர் வேண்டுமென்றால் குரோட்டன்ஸ் போதும் என்று காட்டினார், ஒன்று 80 ரூபாய். “இத நிழல்ல வெச்சா பச்சையாயிடும், வெயில் அடிச்சாத்தான் செவக்கும். கோலியஸ் அப்படி இல்ல, நம்ம மத்தியான வெயில்ல வெளுத்துடும், டேங்க் பக்கம் வைங்க.” கலேடியமும் இருந்தது, தொட்டியில் இலையோடு, நிஜமாகவே சிவப்பு. “கார்த்திகை மார்கழியில காய்ஞ்சு படுத்துக்கும், செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்றாதீங்க. தண்ணிய நிறுத்திட்டு ஓரமா வெச்சா கோடையில தானா முளைக்கும்.” வருஷம் பூரா கலர் என்று அவர் ஒரு செடிக்கும் சொல்லவில்லை. இரண்டு குரோட்டன்ஸ் வாங்கி வந்தேன். 160 ரூபாய். 6,850-ஐ 80-ஆல் வகுத்துப் பார்த்தேன், அழுகை வந்தது, நிறுத்திவிட்டேன்.

செடி தேர்ந்தெடுப்பது பற்றி விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் எல்லாம் மறந்துவிட்டது. சட்டென்று தோன்றுவது: முழுப் பணமும் முன்னால் கொடுக்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், டேப்பைக் கிழிப்பதிலிருந்து. இலையை மட்டும் பார்க்காதீர்கள், புதுக் குருத்து என்ன கலரில் வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். கிழங்காக வாங்காதீர்கள், இலை விட்ட தொட்டியாக வாங்குங்கள். குளிர்நாட்டுச் செடியை நம்ம ஊருக்குப் ‘பழக்கினது’ என்றால் நடையைக் கட்டுங்கள்.

பின்சேர்க்கை, ராத்திரி 9 மணி: என் நாத்தனார் அவள் நம்பரிலிருந்து அதே பக்கத்துக்கு மேப்பிள் விலை கேட்டு மெசேஜ் போட்டாள். அவள் இருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட், வராந்தா கூடக் கிடையாது. இரண்டே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட் கீழே போட்டிருக்கிறேன்: “உங்க வீட்டுல வெயில் எந்தப் பக்கம் வரும் அக்கா?”