ஷபீரோ, கெல்லி, வால்ஸ்: கமலா ஹாரிஸ் பக்கத்தில் யார் நின்றிருக்க வேண்டும்?

2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜோ பைடன் அமெரிக்க அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து விலகினார். ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை காலை அவருக்குப் பதிலாகக் களமிறங்கிய துணை அதிபர் கமலா ஹாரிஸ், தன் துணை அதிபர் வேட்பாளராக டிம் வால்ஸை அறிவித்துவிட்டார். நடுவில் இருந்தது பதினாறே நாள். மற்ற வேட்பாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் வேலை இது.

என்ன வேலை என்று கேட்டால், வரன் பார்ப்பதற்கு முன்னால் ஊரில் போய் விசாரிப்போமே, ஏறக்குறைய அதுதான். வருமான வரிக் கணக்கு, பழைய பேச்சுகள், கல்லூரிப் பத்திரிகையில் எழுதியது, நின்றுபோன வழக்குகள் என்று எல்லாவற்றையும் ஒரு வக்கீல் படை கிளறிப் பார்க்கும். 1972ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் சரியாக விசாரிக்காமல் தாமஸ் ஈகிள்டனைத் துணை வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டார். ஈகிள்டன் மனச்சோர்வுக்கு மின் அதிர்ச்சி சிகிச்சை எடுத்திருந்தது பிறகு வெளியே வந்தது. பதினெட்டே நாளில் அவர் விலக வேண்டியதாயிற்று. அந்தச் சூடு இன்னும் ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு மறக்கவில்லை. ஹாரிஸும் அதே கட்சிதான். ஹாரிஸுக்காக விசாரித்தது ஒபாமா காலத்து அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டரின் குழு.

முதல் பட்டியலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வட கரோலினா கவர்னர் ராய் கூப்பர் தானாகவே ஒதுங்கினார். (கவர்னர் என்றதும் நம் ராஜ்பவனை நினைக்க வேண்டாம். அங்கே கவர்னர்தான் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், நம் முதல்வர் மாதிரி.) கூப்பர் பிரச்சாரத்துக்காக மாநில எல்லையைத் தாண்டினால் அவருடைய அதிகாரம் குடியரசுக் கட்சித் துணை கவர்னர் கையில் தற்காலிகமாகப் போய்விடும், அப்படி ஒரு சட்டம். மிச்சிகன் கவர்னர் கிரெட்சன் விட்மரும் வேண்டாம் என்றுவிட்டார். கென்டக்கி கவர்னர் ஆண்டி பெஷியர் நல்லவர், ஆனால் கென்டக்கி எப்படியும் டிரம்புக்குத்தான் போகும். பைடன் அரசில் போக்குவரத்து அமைச்சராக இருந்த பீட் பூட்டிஜெஜ் பற்றி அப்புறம் சொல்கிறேன். ஆகஸ்ட் 4ஆம் தேதி ஹாரிஸின் வீட்டுக்கு நேர்காணலுக்கு வந்தவர்கள் மூன்று பேர்: பென்சில்வேனியா கவர்னர் ஜாஷ் ஷபீரோ, அரிசோனா செனட்டர் மார்க் கெல்லி, மினசோட்டா கவர்னர் டிம் வால்ஸ்.

முதலில் மாநிலக் கணக்கு. ஜெயிக்க 270 தேர்வாளர் வாக்குகள் வேண்டும். (மாநிலத்துக்கு இத்தனை என்று ஒதுக்கியிருப்பார்கள், பெரும்பாலும் அங்கே ஜெயித்தவருக்கே மொத்தமும் போகும்.) பென்சில்வேனியாவுக்கு 19, அரிசோனாவுக்கு 11, மினசோட்டாவுக்கு 10. பென்சில்வேனியாவை 2016ல் டிரம்ப் சுமார் 44,000 ஓட்டில் எடுத்தார், 2020ல் பைடன் சுமார் 80,000 ஓட்டில் திருப்பினார். அரிசோனாவில் பைடனுக்குக் கிடைத்த வித்தியாசம் வெறும் 10,457. மினசோட்டாவில் அவர் ஏழு சதவீதப் புள்ளிகளில் ஜெயித்தார். அதாவது ஷபீரோவும் கெல்லியும் இழுபறி மாநிலத்துக்காரர்கள். வால்ஸ் ஏற்கெனவே பைக்குள் இருக்கும் மாநிலத்திலிருந்து வருகிறவர்.

சரி, துணை வேட்பாளர் ஒருவரால் சொந்த மாநிலத்தைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? முடியும் என்பவர்கள் எல்லோரும் காட்டுவது 1960ஐத்தான். லிண்டன் ஜான்சன் கூட இருந்ததால் கென்னடி டெக்சஸை 46,000 ஓட்டில் பிடித்தார் என்பார்கள். அதற்குப் பிறகு கதை அவ்வளவு நன்றாக இல்லை. 2004ல் ஜான் எட்வர்ட்ஸ் இருந்தும் வட கரோலினா கை நழுவியது. 2012ல் பால் ரயன் இருந்தும் விஸ்கான்சின் நழுவியது. ஆகவே இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சதவீதத்தில் முடிவாகும் மாநிலத்தில் அரை சதவீதம் கிடைத்தாலும் லாபம்தானே.

அப்படிப் பார்த்தால் ஷபீரோ தனி ரகம். 2022ல் கவர்னர் தேர்தலில் ஏறக்குறைய 15 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். எதிராளி டக் மாஸ்டிரியானோ கொஞ்சம் பலவீனமானவர் என்பதும் உண்மை. ஆனாலும் டிரம்புக்குப் போட்ட கணிசமான பேர் ஷபீரோவுக்கும் போட்டார்கள். 2023 ஜூன் 11ஆம் தேதி பிலடெல்ஃபியாவில் ஐ-95 நெடுஞ்சாலையின் மேம்பாலத்தில் ஒரு பகுதி டேங்கர் லாரி தீப்பிடித்து இடிந்து விழுந்தது. மாதக்கணக்கில் ஆகும் என்று எல்லோரும் சொன்ன இடத்தில் பன்னிரண்டே நாளில் போக்குவரத்தைத் திறந்துவிட்டார். அரசாங்கத்தால் ஒரு வேலையை முடிக்க முடியும் என்று காட்ட அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. அதற்கு முன்னால் மாநில அட்டர்னி ஜெனரலாக, கத்தோலிக்கப் பாதிரியார்கள் குழந்தைகளிடம் செய்த பாலியல் கொடுமைகள் பற்றி 2018ல் கிராண்ட் ஜூரி (குற்றச்சாட்டுகளை விசாரிக்கும் குடிமக்கள் குழு) அறிக்கையை வெளியிட்டவரும் அவர்தான். முந்நூறுக்கும் மேற்பட்ட பாதிரியார்கள் அதில் இடம்பெற்றார்கள்.

கெல்லியின் வாழ்க்கை வரலாறு வேறு மாதிரி. கடற்படை விமானி, வளைகுடாப் போரில் 39 முறை குண்டு போடப் பறந்தவர், நான்கு முறை விண்வெளிக்குப் போய் வந்தவர். மனைவி கேபி கிஃபர்ட்ஸ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது 2011 ஜனவரியில் டூசான் நகரில் தலையில் சுடப்பட்டு உயிர் பிழைத்தார். கெல்லி அரசியலுக்கு வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். மெக்சிகோ எல்லை விவகாரத்தில் ஹாரிஸை எதிர்க்கட்சி தினமும் அடித்துக்கொண்டிருந்தது. எல்லை மாநிலத்துக்காரர், அதுவும் பைடன் அரசையே இந்த விஷயத்தில் விமர்சித்தவர், பக்கத்தில் நின்றால் அந்த அடி கொஞ்சம் குறைந்திருக்கும். காகிதத்தில் இவரை மிஞ்ச ஆள் இல்லை.

மேடையில்தான் பிரச்சினை. கெல்லி பேசினால் விமானி அறிவிப்பு மாதிரி இருக்கும்: தெளிவு, நிதானம், யாரும் கைதட்டுவதில்லை. தொழிற்சங்கங்களும் அவர்மேல் கடுப்பில் இருந்தன, ஏனென்றால் சங்கம் அமைக்கும் உரிமையை வலுப்படுத்தும் மசோதாவில் அவர் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் ஆதரித்து ஓட்டுப் போடுவேன் என்றார். இன்னொன்று: அவர் செனட்டை விட்டுப் போனால் அந்த இடத்துக்கு 2026ல் இடைத்தேர்தல் வரும். செனட்டில் 51க்கு 49 என்று தொங்கிக்கொண்டிருந்த கட்சிக்கு அது தேவையில்லாத தலைவலி. ஷபீரோவோ வால்ஸோ போனால் அவர்கள் கட்சித் துணை கவர்னரே கவர்னர் ஆகிவிடுவார், பிரச்சினை இல்லை.

வால்ஸை ஜூலை 20ஆம் தேதி மினசோட்டாவுக்கு வெளியே யாருக்குத் தெரியும்? பத்து நாளில் ஆளையே மாற்றியது தொலைக்காட்சி. டிரம்ப், அவருடைய துணை வேட்பாளர் வான்ஸ் கூட்டத்தைப் பற்றி 'ஜனநாயகத்துக்கு ஆபத்து' என்று எல்லோரும் கனமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, இவர் வந்து 'இவர்கள் ஒரு மாதிரியான ஆட்கள்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். 'வியர்ட்' என்ற அந்த ஒரு சொல் ஒரு வாரம் ஓடியது. நெப்ராஸ்காவில் சின்ன ஊரில் பிறந்து, 24 வருடம் தேசியக் காவல் படையில் இருந்து, மேன்கேட்டோ வெஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியாராகவும் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராகவும் இருந்தவர். கவர்னரான பிறகு 2023ல், மாநில செனட்டில் ஒரே ஒரு இடம் பெரும்பான்மையை வைத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் காலையும் மதியமும் இலவசச் சாப்பாடு என்று சட்டம் போட்டார். சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது செய்தியே இல்லை. அங்கே அதைப் புரட்சி மாதிரி கொண்டாடினார்கள்.

குறைகளுக்கு வருவோம், ஏனென்றால் தேர்வு உண்மையில் நடந்தது இங்கேதான். ஷபீரோமீது கட்சியின் இடதுசாரிகளுக்கு இரண்டு கோபம். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தை ஆதரித்தார் என்று ஆசிரியர் சங்கங்கள் ஒரு பக்கம். காஸா போராட்டக்காரர்களைக் கடுமையாகப் பேசினார் என்று இளைஞர்கள் இன்னொரு பக்கம். கல்லூரிக் காலத்தில் பாலஸ்தீனர்களைத் தாழ்த்தி எழுதிய ஒரு கட்டுரையும் தோண்டி எடுக்கப்பட்டது. அவர் யூதர். இஸ்ரேல் விஷயத்தில் மற்ற இரண்டு பேரின் நிலைப்பாடும் பெரிதாக வேறில்லை என்றாலும், பூதக்கண்ணாடி இவர்மேல் மட்டும்தான் வைக்கப்பட்டது. அது நியாயமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அரபு அமெரிக்கர்கள் அதிகம் இருக்கும் மிச்சிகனில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க பிப்ரவரியில் நடந்த முதற்கட்டத் தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பைடனுக்குப் போடாமல் 'யாருக்கும் உறுதி இல்லை' என்று குத்தியிருந்தார்கள். ஷபீரோவை எடுத்தால் அந்தக் காயம் பெரிதாகும் என்ற பயம் இருந்தது.

வால்ஸிடம் குறை இல்லையா? நிறைய. சிறுவர் உணவுக்கான மத்திய நிதியில் சுமார் 25 கோடி டாலர் சுருட்டப்பட்டதாக 2022லேயே வழக்கு போடப்பட்டது, அது அவருடைய நிர்வாகத்தின் மூக்குக்குக் கீழே நடந்தது. போரில் தான் ஏந்திய ஆயுதம் என்று பழைய வீடியோவில் சொல்லியிருந்தார், போர்க்களத்துக்கு அவர் போனதில்லை. 1989 ஜூனில் பெய்ஜிங்கில் போராட்டக்காரர்களை ராணுவம் சுட்ட தியானன்மென் சம்பவத்தின்போது ஹாங்காங்கில் இருந்தேன் என்றதும் சரியில்லை, அந்த வருடம் ஆகஸ்டில்தான் அங்கே போனார். பதினாறு நாளில் விசாரித்தால் இதெல்லாம் தேர்வுக்குப் பிறகுதான் வெடிக்கும், வெடித்தது. ஆனால் இவை எதுவும் கட்சிக்குள் சண்டை மூட்டாது. முக்கியம் அதுதான். இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸுக்கும் பிடித்தது, வலது பக்கம் சாயும் செனட்டர் ஜோ மான்சினுக்கும் பிடித்தது என்றால் அப்படி ஒரு ஆளை யார் விடுவார்?

ஆகஸ்ட் 4 நேர்காணலைப் பற்றி வந்த செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லின. துணை அதிபராக எனக்கு என்ன பங்கு இருக்கும், முடிவுகளில் என் குரல் எவ்வளவு எடுபடும் என்று ஷபீரோ கேட்டார். வால்ஸோ, எனக்கு அதிபர் ஆசை கிடையாது, நீங்கள் சொல்வதைச் செய்கிறேன் என்றார். கூடவே, நான் விவாதத்தில் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை என்றும் சொல்லிவிட்டார். மூன்றரை வருடம் இரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹாரிஸுக்கு, இரண்டாம் நாற்காலியில் நிம்மதியாக உட்காரக்கூடியவர் யார் என்று தெரிந்திருக்கும். தேர்தலுக்குப் பிறகு எழுதிய நூலிலும் ஷபீரோவைப் பற்றி இதே மனக்குறையைச் சொல்கிறார், அவர் அதை மறுத்தார். கல்யாணமா கூட்டணியா என்று கேட்டால் ஹாரிஸ் கல்யாணத்துக்குத்தான் ஆள் பார்த்தார். எனக்கு இதில்தான் கருத்து வேறுபாடு. ஆட்சிக்கு வந்த பிறகுதானே யாருக்கு எந்த அறை என்ற பிரச்சினை? முதலில் வீட்டுக்குள் போக வேண்டாமா?

முடிவு தெரிந்த கதை. ஏழு இழுபறி மாநிலங்களும் டிரம்புக்குப் போயின, 312க்கு 226. வால்ஸ் மத்திய மேற்குப் பகுதியின் கிராமத்து ஓட்டைக் கொண்டுவருவார் என்றார்கள். பக்கத்து மாநிலமான விஸ்கான்சின் ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் போயிற்று. மினசோட்டாவிலேயே வித்தியாசம் ஏழிலிருந்து நாலு சொச்சமாகச் சுருங்கியது, அவர் பாடம் நடத்திய மேன்கேட்டோ இருக்கும் ப்ளூ எர்த் கவுண்டியை டிரம்ப் எடுத்தார். ஷபீரோவை ஒதுக்கியது மிச்சிகனைக் காப்பாற்றவும் இல்லை, சுமார் 80,000 ஓட்டில் அதுவும் போனது. அக்டோபர் 1 விவாதத்தில் தொடக்கத்தில் வால்ஸ் தடுமாறியதைப் பார்த்தவர்களுக்கு அவர் முன்கூட்டியே சொல்லி எச்சரித்தது ஞாபகம் வந்திருக்கும்.

நேர்மையாகச் சொன்னால் ஷபீரோவும் காப்பாற்றியிருக்க மாட்டார். பென்சில்வேனியாவில் தோல்வி வித்தியாசம் சுமார் 1,20,000 ஓட்டு, 1.7 புள்ளி. அதை அவர் அடைத்திருந்தாலும் 226ம் 19ம் 245தான். மிச்சிகனையும் விஸ்கான்சினையும் சேர்த்தால்தான் சரியாக 270. அரிசோனாவில் ஐந்தரைப் புள்ளித் தோல்வி, கெல்லியால் எட்டவே முடியாத தூரம். இருந்தாலும் தேர்வை ஆகஸ்டில் இருந்த தகவலை வைத்துத்தான் எடைபோட வேண்டும். ஆகஸ்டில் எல்லாக் கணக்கெடுப்பும் பென்சில்வேனியாவில்தான் போய் நின்றது. அங்கே சொந்தச் செல்வாக்குள்ள ஒருவர் கையில் இருக்கும்போது, யாரிடமும் சண்டை வராத ஆள் வேண்டும் என்று போனது பயத்தின் முடிவு. மூவரில் என் ஓட்டு ஷபீரோவுக்கு, அடுத்து கெல்லி.

பூட்டிஜெஜ் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஹாரிஸ் பிறகு எழுதியபடி முதல் விருப்பம் அவர்தான். ஆனால் கறுப்பினப் பெண் அதிபர் வேட்பாளர், ஓரினச் சேர்க்கையாளர் துணை வேட்பாளர் என்று ஒரே நேரத்தில் நாட்டைக் கேட்பது பெரிய ஆபத்து என்று விட்டுவிட்டாராம். சென்னையிலிருந்து போன அம்மாவுக்குப் பிறந்தவர், மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் தன் பெயரில் அர்ச்சனை நடக்கும் அளவுக்கு உறவு உள்ளவர், தன் அடையாளத்தையே ஒரு சுமையாகக் கணக்கில் வைத்துத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 6 மாலை வால்ஸை நாட்டுக்கு அறிமுகப்படுத்தும் முதல் கூட்டம் பிலடெல்ஃபியாவில், டெம்பிள் பல்கலைக்கழக அரங்கில் நடந்தது. இடத்தை மாற்ற நேரமில்லையோ, மனமில்லையோ, தெரியாது. ஹாரிஸும் வால்ஸும் வருவதற்கு முன்னால் மேடை ஏறியவர் ஷபீரோ. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சொந்த ஊர்க் கூட்டத்தை எழுப்பி நிறுத்தி, வால்ஸை வாயார வாழ்த்திவிட்டு இறங்கினார்.