பிஎஃப்350 கேஜ் + எச்எக்ஸ்711 போர்டு: ஊட்டிக் குளிரில் எடுபடுமா?

அருவங்காட்டில் கார்டைட் என்ற உந்துமருந்துத் தொழிற்சாலை இருப்பதாலோ என்னவோ, குன்னூர் பக்கத்து மாணவர்களுக்கு ராக்கெட் மோட்டார் மேல் ஒரு கண். வெடிமருந்துக்குப் பதில் அலுமினியக் குழாயில் சிலிக்கோன் ரப்பர் ஊற்றிய மாதிரியில், குளிரில் சுருங்கும் ரப்பர் குழாயை எவ்வளவு இழுக்கிறது என்று சென்சார் வைத்துப் பார்க்க, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் இந்த செட் (நீட்சியை மின்தடை மாற்றமாகக் காட்டும் ஒட்டுப் பட்டையான கேஜ், அதன் சிறு வோல்ட்டைப் பெருக்கி எண்ணாக்கும் போர்டு) போதுமா?

போர்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 128 மடங்கு பெருக்கத்தில் ±20 மில்லிவோல்ட் வரை அளக்கும், வினாடிக்கு 10 ரீடிங். வம்பு செட்டோடு வரும் ரெசிஸ்டர்களில்தான். அவை 1% ரகம். ஒன்றே ஒன்று 1% விலகினாலும் பிரிட்ஜ் (கேஜும் மூன்று ரெசிஸ்டர்களும் சேர்ந்த சுற்று) 5 வோல்ட்டில் 12.5 மில்லிவோல்ட் சாய்ந்து நிற்கும். 0.1% ரகம் தனியாக வாங்குங்கள்.

கேஜ் பெயருக்குப் பின்னால் 11 என்று இருந்தால் அது எஃகுக்கு. அலுமினியத்தில் ஒட்டினால் டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரோஸ்ட்ரெயின் (ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் என்பது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) பொய் சொல்லும்; 23 என்று கேட்டு வாங்க வேண்டும். கேஜிலிருந்து போர்டுக்கு இரண்டே வயர் இழுத்தால் இன்னும் மோசம்: வயரின் தடை 1 ஓம் என்றால், 10 டிகிரி மாறியதும் 55 மைக்ரோஸ்ட்ரெயின் சும்மா ஏறும். ஜனவரி ஊட்டியில் விடியலுக்கும் மதியத்துக்கும் வித்தியாசம் அதைவிட அதிகம். மூன்று வயர் கட்டாயம்.

பனிமூட்டத்தில் சூப்பர் க்ளூ நாள்பட விட்டுவிடும், எபாக்சி நல்லது. மேலே பூச வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் வேண்டவே வேண்டாம், சால்டரை அரித்துவிடும்.

இத்தனையும் செய்து குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டினால் கிடைப்பது? 50 மி.மீ. விட்டம், 1 மி.மீ. கனம் என்றால் ரப்பர் சுருங்கி இழுப்பது சில பத்து மைக்ரோஸ்ட்ரெயின் அளவில்தான் இருக்கும். குளிரும் வெயிலும் மாறும்போது மிஞ்சும் பிழையே அதை விழுங்கிவிடலாம். சென்சார் வைத்துச் சோதிக்கும் நிஜ மோட்டாரிலும் உறைக்கும் எரிபொருளுக்கும் நடுவே, ஒட்டுப் பரப்பிலேயே சென்சார் உட்காருவது இதனால்தான். அங்கே ஒட்டு விட்டால் எரியும் பரப்பு கூடி அழுத்தம் எகிறும்.

மாதிரியில் அதற்கு, சிறு துளையை 0.2 மி.மீ. பித்தளைத் தகட்டால் உள்ளிருந்து மூடி, தகட்டின் வெளிமுகத்தில் கேஜை ஒட்டுங்கள். பக்கத்தில் வெப்பநிலை பார்க்க ஒரு டிஎஸ்18பி20 சென்சார். குழாய்க்குள் பிரைமர் (ஒட்ட உதவும் அடிப்பூச்சு) பூசாவிட்டால் ரப்பர் ஒட்டாது. இப்படி இரண்டு தகடு வைத்து, ஒன்றின் மேல் மட்டும் பிரைமருக்குப் பதில் கிரீஸ் தடவி ஊற்றுங்கள். இரவுக் குளிரில் ஒன்று இழுப்பைக் காட்டும், கிரீஸ் தடவியது அவ்வளவாக அசையாது.

செட்டுக்கு 5க்கு 3.