'முப்பது வருஷ வில்லங்கம் சுத்தம்' என்று ஒருவர் ஃபைல் கொடுத்தால்

கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் இதை முழுக்கப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் ஓட்டு வீடு. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் ஒரு குடும்பத்துக்கு நியாயம் கிடைக்க வேண்டியிருக்கிறது, அவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது. விற்க வந்தவர்கள் ஒரு சித்தப்பாவும் அவருடைய அண்ணன் மகனும். வீடு பெரியவருடையது, அதாவது அந்தச் சித்தப்பாவின் அப்பாவுடையது. அவர் 1978-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார்.

வீட்டின் மூலம், அதாவது அது யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்று, பார்த்துத் தர ஒருவரை விற்பவர்களே காட்டினார்கள். பத்திர எழுத்தர் ஒருவரிடம் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது தனியாகச் செய்கிறவர். நானும் என் கணவரும் அவரை 'ஐயா, ஐயா' என்றுதான் கூப்பிட்டோம், அவ்வளவு பதவிசாகப் பேசினார். 15,000 ரூபாய் கேட்டார், கொடுத்தோம். விற்பவர் காட்டிய ஆளையே வாங்குகிறவரும் அமர்த்தினால் அவர் யாருக்காக வேலை பார்ப்பார் என்று அன்று நாங்கள் யோசிக்கவில்லை.

பதினைந்து நாளில் ஸ்பைரல் போட்ட ஃபைல் வந்தது. நத்தம் பட்டா, வீட்டு வரி ரசீதுகள், பெரியவருக்குத் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று, கையால் வரைந்த வம்சாவளி, முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று சார்பதிவாளர் அலுவலகம் தருவது). வில்லங்கம் படிவம் 16, அதாவது அந்தக் காலத்தில் ஒரு பதிவும் இல்லை. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'பூர்வீகச் சொத்து, மூலப் பத்திரம் கிடையாது, வில்லங்கம் சுத்தம்' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நம்பி அக்ரிமெண்ட் போட்டு 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தோம்.

அளவு எடுக்கப் போன நாளில் பக்கத்து வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். "வீட்ட வாங்கப் போறியாம்மா? நல்லா இரு. கடைசிப் பொண்ணோட புள்ளைங்க கையெழுத்துப் போட்டுட்டாங்களா?" என்றார். வம்சாவளியில் இரண்டு மகன்களும் இரண்டு மகள்களும்தான் இருந்தார்கள். "எந்தக் கடைசிப் பொண்ணு பாட்டி?" என்று கேட்டதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

அன்று ராத்திரி அந்த ஃபைலை ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். வில்லங்கச் சான்றில் மேலே ஒரு சர்வே எண் இருந்தது. பட்டாவிலும் அதே எண். அது நத்தம் நிலவரித் திட்டத்தில் 1990-களில் அந்த ஊருக்குக் கொடுத்த புது எண். அதற்கு முன்னால் அந்த நத்தம் மொத்தத்துக்கும் ஒரே சர்வே எண்தான். அந்தக் காலப் பத்திரங்களில் வீட்டை அடையாளம் காட்டியது கதவு எண்ணும் செக்குபந்தியும்தான்: கிழக்கே இன்னார் வீடு, வடக்கே தெரு என்று நான்கு எல்லை. புது எண்ணைக் கொடுத்துத் தேடினால் பழைய எண்ணில் பதிவான பத்திரம் வராது. பொய்ச் சான்று ஒன்றும் இல்லை, ஆபீஸ் கொடுத்தது சரியான சான்றுதான். எந்த எண்ணைக் கேட்டார்களோ அதற்குப் பதில் வந்திருக்கிறது. இந்த இடத்தில்தான் என்னைப் போன்றவர்கள் விழுகிறோம். 'வில்லங்கம் இல்லை' என்பதற்கு 'நீங்கள் எழுதிக் கொடுத்த எண்ணில், நீங்கள் கேட்ட வருஷங்களில், பதிவான எதுவும் இல்லை' என்பதற்கு மேல் ஒரு பொருளும் கிடையாது. குடும்பத்துக்குள் பாகம் பிரித்து எழுதிக்கொண்டு பதிவு செய்யாத கூர்ச்சீட்டு அதில் வராது, உயிலும் வராது. கோர்ட்டில் நடக்கும் பாகப் பிரிவினை வழக்கைக்கூட யாராவது பதிவு செய்திருந்தால்தான் பார்க்க முடியும்.

இன்னொன்றும் இருந்தது. அந்தக் கிராமம் முன்பு வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கிறது. பழைய புத்தகங்கள் எல்லாம் அங்கே. இதை எனக்குச் சொன்னவர் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்த ஒருவர். பல வருஷம் இதே வேலை பார்த்த ஆளுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

ஃபைலில் இருந்த வரி ரசீதுகள் எல்லாம் சமீபத்தியவை. பழைய ரசீது ஒன்று கிடைக்குமா என்று விற்கிற வீட்டிலேயே கேட்டேன். சித்தப்பாவின் மனைவி, அவருக்கு விஷயம் தெரியாது போல, டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். பழைய கதவு எண் அதில் இருந்தது. அதையும் பெரியவர் பெயரையும் வைத்துக்கொண்டு பழைய சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டேன். பெயரை வைத்துத் தேட ஒரு அட்டவணையும் சொத்தை வைத்துத் தேட ஒரு அட்டவணையும் அங்கே உண்டு. பெயர் அட்டவணையைத்தான் முதலில் பார்க்கச் சொன்னேன். வீட்டின் எண் எத்தனை தடவை மாறினாலும் எழுதிக் கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் அந்த அட்டவணையில் நிற்கும்.

இரண்டு பத்திரங்கள் கிடைத்தன, இரண்டுமே ஃபைலில் தேடியிருந்த முப்பது வருஷத்துக்கு முந்தியவை. ஒன்று 1961-ம் வருஷக் கிரயப் பத்திரம். பெரியவர் தன் காசு கொடுத்து வீட்டை வாங்கியிருக்கிறார். மூலப் பத்திரம் கிடையாது என்று ஃபைலில் எழுதிய வீட்டுக்கு மூலப் பத்திரம் பதிவாகியே இருந்தது. மற்றது 1986-ல் இரண்டு மகள்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம். நகலை ஆபீஸ் வாசலில் நின்றே படித்தேன். இரண்டாவது பக்கத்தில், காலமான தகப்பனாருக்கு நாங்களும் எங்கள் சகோதரர்களும் எங்கள் இளைய சகோதரியும் வாரிசுகள் என்று அந்த அக்காமார்கள் எழுதி வைத்திருந்தார்கள். தங்கை சார்பில் கையெழுத்து இல்லை. ஆனால் அவளை மறைக்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து வந்த வாரிசுச் சான்றில்தான் அவள் இல்லை. வேறு சமூகத்தில் கல்யாணம் செய்துகொண்டு போனவள், குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டது, இப்போது உயிரோடு இல்லை, பிள்ளைகள் இரண்டு பேர் என்று பிறகு தெரிந்தது.

'பூர்வீகம்' என்ற அந்த ஒரு சொல்லை ஃபைல் தந்த அந்த 'ஐயா' ஏன் எழுதினார் என்பது அப்போதுதான் புரிந்தது. சொந்தமாக வாங்கிய சொத்து என்று தெரிந்தால் கேள்வியே இல்லை: 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. பெரியவரின் மனைவியும் போய்விட்டதால் ஐந்து பிள்ளைகளுக்கும் ஐந்தில் ஒரு பங்கு. கடைசி மகளின் பங்கு யாராலும் விட்டுக்கொடுக்கப்படாமல் அப்படியே நிற்கிறது. பூர்வீகம் என்று சொன்னால் 'பெண்களுக்கு என்ன இருக்கிறது' என்று வாங்குகிறவர் பேசாமல் இருந்துவிடுவார் என்ற கணக்கு. அந்தக் கணக்கும் செல்லாது. தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது, மத்திய அரசு 2005-ல் திருத்தியது, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பட்டா இருக்கிறதே என்று அவர் கடைசிவரை சொன்னார். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கின்றன. நத்தம் அளந்தபோது வீட்டில் இருந்தது அண்ணன் தம்பி, அவர்கள் பெயரில் பட்டா ஆகியிருக்கிறது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள்கள் பெயர் அதில் ஏறாமல் போவது எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்!

தெரியாமல் நடந்த தவறு என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நகல்களோடு விற்பவர் வீட்டுக்குப் போனபோது அந்தச் சித்தி பதறிப்போய், "இதே நகலை அவரு போன வருஷமே எடுத்தாரேம்மா, இது வேணாம், கட்டுல வைக்காதீங்கன்னு அவருதான் சொன்னாரு" என்றார். அதற்கும் அவர்களிடம் தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார். எங்களிடம் வாங்கியது மூலம் தேடித் தர, அவர்களிடம் வாங்கியது மூலத்தை மறைக்க.

அவருக்குப் போன் செய்தேன். "பொண்ணு பங்குக்கெல்லாம் யாரும் வரமாட்டாங்கம்மா, பன்னெண்டு வருஷம் தாண்டிடுச்சு" என்றார். கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி குடியிருப்பதாலேயே மற்றவர் பங்கு போய்விடாது, உன் பங்கு இல்லை என்று வெளிப்படையாக மறுத்து அனுபவித்ததை நிரூபிக்க வேண்டும் என்று எங்கள் வக்கீல் விளக்கினார். அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். பிறகு எடுக்கவில்லை.

அதனால் யாராவது உங்களிடம் ஃபைல் நீட்டினால், எந்த எண்ணில் வில்லங்கம் போட்டீர்கள், பழைய எண் என்ன, பழைய கதவு எண் என்ன, இந்தக் கிராமம் முன்பு எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தது என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். படிவம் 16 வந்தால் சந்தோஷப்படாதீர்கள். அறுபது எழுபது வருஷம் நிற்கிற வீட்டுக்கு ஒரு பதிவுகூட இல்லையென்றால் தேடல் தப்பாக இருக்கலாம். கிரயம், தானம், விடுதலை எது பதிவாகியிருந்தாலும் அதன் நகலை உங்கள் பெயரில் நீங்களே மனுப் போட்டு வாங்கலாம், சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். நகலில் சொத்து விவரத்தை மட்டும் பார்க்காமல் முன்பகுதியையும் படியுங்கள், குடும்பத்தில் யார் யார் என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள். வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களைப் பக்கத்து வீட்டு வயதானவர்களிடம் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். பத்திரம் பார்க்கிறவரையும் வக்கீலையும் நீங்களே வேறு இடத்தில் தேடுங்கள். கூலியை வங்கி வழியாகவே கொடுங்கள். அவர் ரசீது கொடுக்கவில்லை, போனில் பணம் அனுப்பியதால்தான் எங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

அதை வைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுத்திருக்கிறோம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடவில்லை. அட்வான்ஸில் பாதியை விற்பவர்கள் திருப்பித் தந்துவிட்டார்கள், மீதிக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.

கடைசி மகளின் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. அந்தப் பிள்ளைகளில் பெண்ணிடம் 1961, 1986 இரண்டு பத்திரங்களின் நகல்களையும் கொடுத்தேன். தன் அம்மாவுக்கு அந்த வீட்டில் பங்கு இருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. பெரியம்மாக்கள் எழுதிய அந்த வரியில் 'இளைய சகோதரி' என்று அம்மாவின் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.