கார்ட்ரிட்ஜ் அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்

சென்னையில் டர்ன்டேபிளை, அதாவது இசைத்தட்டு பிளேயரை, கடையில் விட்டு, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சின்னப் பெட்டி) மாற்றி, அலைன்மென்ட்டும் (இசைத்தட்டின் பள்ளத்துக்கு ஊசி நேராக நிற்கும்படி பொருத்துவது) செய்து வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. ஆனால் அங்கே நடந்ததை அப்படியே சொல்கிறேன். இதே வேலை வேறு கடைகளிலும் நடக்கலாம்.

என்னிடம் இருப்பது செகண்ட்ஹேண்டில் வாங்கிய டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்கே2 டர்ன்டேபிள். அதில் போட புதிதாக ஆர்ட்டோஃபோன் 2எம் புளூ கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். "நம்மகிட்ட புரோட்ராக்டர் இருக்கு சார், பக்காவா செட் பண்ணித் தருவோம்" என்றார்கள். புரோட்ராக்டர் என்பது ஊசி நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அளவுத் தட்டு. கார்ட்ரிட்ஜ் விலைக்கு மேல் செட்டப் சார்ஜ் என்று 1,500 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் போட்டுக் கேட்டால் முதல் பாட்டு அருமை, இரண்டாவதும் பரவாயில்லை. பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு வரும்போது பாடகி 'ஸ', 'ச' உச்சரிக்கிற இடமெல்லாம் கிழிந்த மாதிரி சீறியது. வயலின்கள் கரகரத்தன. எக்கோ, எச்.எம்.வி. கம்பெனி என்று எந்த எல்.பி. தட்டைப் போட்டாலும் இதே கதைதான். போன் செய்து கேட்டேன். "டிஸ்க் பழசு சார். உள்ளே போகப்போக எல்லா எல்.பி.யும் அப்படித்தான். இதைவிட நல்ல கார்ட்ரிட்ஜ் ஒண்ணு இருக்கு, மாத்திடலாமா?" என்றார் கடைக்காரர்.

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நிறைய பேர் நம்பிவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் எல்.பி.யின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. மையத்திலிருந்து 60 மி.மீ. தூரத்துக்கு வந்துவிட்டால் அது 21 செ.மீ.தான். அதே ஒலியை, பாதியைவிடக் குறைவான இடத்தில் நெருக்கி வெட்டியிருப்பார்கள். அங்கே ஊசி கொஞ்சம் கோணலாக நின்றாலும் காதில் உறுத்தும். ஆனால் என் பழைய கார்ட்ரிட்ஜில் அதே எல்.பி.க்கள் இப்படிச் சீறவில்லையே!

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று ஸ்கேலை எடுத்தேன். டெக்னிக்ஸ் கணக்கு எளிது. ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைத் திருகிப் பொருத்தும் முனைப்பகுதி) டர்ன்டேபிளின் கையான ஆர்மில் மாட்டும் இடத்தில் இருக்கிற ரப்பர் வாஷரிலிருந்து ஊசி முனை வரை 52 மி.மீ. இருக்க வேண்டும். புதிதாக வாங்கியவர்களுக்கு இதற்கென்றே ஒரு சின்ன பிளாஸ்டிக் அளவி கூடவே வந்தது. செகண்ட்ஹேண்டில் அது எங்கே கிடைக்கப்போகிறது! என்னுடையதில் 47தான் இருந்தது. கார்ட்ரிட்ஜை 5 மி.மீ. பின்னால் தள்ளி முடுக்கியிருக்கிறார்கள். ஓவர்ஹேங், அதாவது தட்டின் நடுக் கம்பியை (ஸ்பின்டிலை) ஊசி முனை தாண்டி நிற்கும் தூரம், 15 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 10.

அப்புறம் இரண்டு புள்ளி புரோட்ராக்டர் வைத்துப் பார்த்தேன். மையத்திலிருந்து 120.9 மி.மீ. தள்ளியிருக்கும் வெளிப்புள்ளியில் கேன்டிலீவர் (ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு) கோட்டுக்கு இணையாக அழகாக நின்றது. 66 மி.மீ. உள்புள்ளியில் இறக்கினால் 3 டிகிரிக்கு மேல் திரும்பிக்கொண்டு நிற்கிறது. பூதக்கண்ணாடி கூட வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஒரு புள்ளியில் மட்டும் பார்த்துத் திருப்பிவிட்டு வேலையை முடித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஓவர்ஹேங் எவ்வளவு தப்பாக இருந்தாலும் சரி, கார்ட்ரிட்ஜை லேசாகத் திருப்பினால் ஏதாவது ஒரு புள்ளியில் நேராக நிற்க வைத்துவிடலாம். அதனால் ஒரு புள்ளியில் சரியாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கார்ட்ரிட்ஜைத் தொடாமலே இரண்டு புள்ளியிலும் நேராக நின்றால்தான் அது அலைன்மென்ட். ஒன்றில் சரிசெய்தால் மற்றது விலகும். திருகைத் தளர்த்தி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி இரண்டிலும் பார்க்க வேண்டும். பொறுமையாக உட்கார வேண்டிய வேலை. கூட்டமான கடையில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை.

66, 120.9 என்பது பேர்வால்ட் கணக்கு. 1938இல் லோஃப்கிரென், 1941இல் பேர்வால்ட் என்று இருவர், ஊசி எந்த இரண்டு புள்ளியில் நேராக நிற்க வேண்டும் என்று போட்ட கணிதம் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. டெக்னிக்ஸின் 52 மி.மீ. அளவில் அந்தப் புள்ளிகள் ஏறக்குறைய 58.8, 113.5 என்று உள்ளே தள்ளி வரும். நான் 52-ஐயே பிடித்துக்கொண்டேன். பேர்வால்ட் வேண்டுமென்றால் ஊசியை இன்னும் 3 மி.மீ. அளவுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும், கார்ட்ரிட்ஜும் ஹெட்ஷெல்லில் சற்றே கோணலாகத் தெரியும். இரண்டில் எது மேல் என்று ரசிகர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஆனால் 47 மி.மீ. எந்தக் கணக்கிலும் வராது.

இதோடு போகவில்லை. டிஜிட்டல் தராசில் வைத்தால் ஊசி அழுத்தம் 2.5 கிராம் காட்டியது. 2எம் புளூவுக்கு 1.8 கிராம் என்றுதான் கம்பெனி சொல்கிறது, அதிகபட்சம் 2. "எடை கூட்டினா குதிக்காது சார்" என்று கடைக்காரர் விளக்கம் வேறு. டிஸ்க் தேய்ந்தால் அவருக்கென்ன!

அடுத்த முறை வண்டியை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். அவர்களுடைய புரோட்ராக்டரைக் காட்டச் சொன்னேன். பிரின்டர் காகிதம் ஒன்றை எடுத்துவந்தார்கள். நடுத் துளை ஸ்பின்டிலில் கொளகொளவென்று ஆடியது. அதில் 100 மி.மீ. என்று போட்டிருந்த சோதனைக் கோட்டின்மேல் என் ஸ்கேலை வைத்தேன், 96தான் இருந்தது. தாளுக்குள் அடங்கும்படி பிரின்டர் சுருக்கிவிட்டதை யாருமே கவனிக்கவில்லை. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் வருகிற டர்ன்டேபிளுக்கெல்லாம் காசு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நீங்கள் கடையில் கொடுப்பதாக இருந்தால் ஸ்கேலைக் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் கண்முன்னால் இரண்டு புள்ளியிலும் ஊசியை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். கார்ட்ரிட்ஜ் பெட்டியின் விளிம்பைக் காட்டி 'நேரா இருக்கு பாருங்க' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கேன்டிலீவர்தான் கணக்கு. தராசில் எடையையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அங்கே கொடுக்க வேண்டாம்.

வீட்டில் நானே 52 மி.மீ.க்கு நகர்த்தி, 1.8 கிராம் வைத்த பிறகு கடைசிப் பாட்டின் சீற்றம் பெரும்பாலும் போய்விட்டது. செட்டப் காசைத் திருப்பிக் கேட்டதற்கு, பணமாகத் தர முடியாது, அடுத்து ஏதாவது வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அங்கே இனி வாங்க எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை.