நோட்டா, உதிரித் தாளா, டேப்லெட்டா? ஜோக் யோசிக்க எது தோது?

படம் போடுவது எனக்குப் பெரிய பாடில்லை. என்னத்தைப் போடுவது என்பதுதான் பாடு. நம் வார இதழ்களில் வாசகர் அஞ்சலட்டையில் ஜோக் எழுதி அனுப்புவார், ஓவியர் அதற்குப் படம் போடுவார் என்று வேலையைப் பிரித்துக்கொண்ட வழக்கம் உண்டு. கார்ட்டூனிஸ்ட் மதன் மாதிரி சிரிப்பும் கோடும் ஒரே கையிலிருந்து வருவது கொஞ்சம் அபூர்வம். நான் மதன் இல்லை. ஆனாலும் இரண்டு வேலையும் என் தலையில்தான். வாரத்துக்கு நாலு ஜோக் தேற வேண்டும் என்றால் குறைந்தது நாற்பது யோசிக்க வேண்டும். நியூயார்க்கர் பத்திரிகைக்கு வரைகிறவர்களே வாரம் பத்து ரஃப் போல அனுப்பிவிட்டு, ஒன்று தேறினால் போதும் என்று காத்திருப்பவர்கள்தான்.

அந்த நாற்பதை எதில் கிறுக்குவது என்பதில் ஆறு வருடத்தில் இரண்டு முறை கட்சி மாறிவிட்டேன்.

முதலில் உதிரித் தாள். ஆபீஸில் ஒரு பக்கம் அச்சாகி வீணாய்ப்போன ஏ4 தாள்கள், ஒரு பரீட்சை அட்டை, ஒரு பால்பாயிண்ட் பேனா. தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம், எட்டு யோசனை. காசும் கிடையாது, கெட்டுவிடுமோ என்ற பயமும் கிடையாது. யோசிக்கிற நேரத்துக்கு இதைவிடச் சுகமான ஏற்பாடு இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஒரு போகிக்கு முந்தின வாரம், இரண்டு வருடக் கிறுக்கல் மொத்தமும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விட்டது. அச்சான பக்கம் மேலே தெரிந்ததால் ஆபீஸ் குப்பை என்று நினைத்துவிட்டாள் என் மனைவி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அடுத்தது டேப்லெட். வண்ணம், லேயர், பெரிதாக்குவது, நகர்த்துவது எல்லாம் ஊரறிந்த கதை. பத்திரிகைக்கு அனுப்பும் படத்தை இன்றும் அதில்தான் முடிக்கிறேன். யோசிக்கத்தான் ஒத்துவரவில்லை. புரோகிரியேட் என்கிற படம் வரையும் ஆப்பில் இரண்டு விரலால் தட்டினால் போட்ட கோடு மறைந்துவிடும். நான் ஜோக்கை யோசிக்காமல் மூக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன். தட்டு, போடு, தட்டு, போடு. அரைமணி கழித்துப் பார்த்தால் அழகான மூக்கு இருக்கும், ஜோக் இருக்காது. அப்புறம், பெயர் வைக்கச் சோம்பல்பட்டதால் எல்லாக் கோப்பும் ‘அன்டைட்டில்டு ஆர்ட்வொர்க்’ என்றே வரிசைகட்டி நின்றன. ஒன்றையாவது திரும்பத் திறந்து பார்த்த ஞாபகம் இல்லை. யோசனைக்கென்று அதை வைத்திருந்தது நாலே மாதம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோப்புக்குக் கோப்பு பெயரும் குறிப்பும் போடும் ஒழுங்கு உள்ளவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

இப்போது நான் இருப்பது கோடு போடாத, தைத்த, லாங் சைஸ் பள்ளிக்கூட நோட்டில். கெட்டித் தாள் போட்ட ஸ்கெட்ச் புக்கும் ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டதோடு சரி. விலை ஞாபகம் வந்து மூன்று மாதம் கையே வைக்கவில்லை. கிறுக்குவதற்கு மட்டமான தாள்தான் லாயக்கு. ஸ்பைரல் வேண்டாம், பக்கம் கிழிக்கத் தோன்றும்.

பக்கத்தின் இடது ஓரத்தில் இடங்கள்: ரேஷன் கடை, லிஃப்ட், பல் டாக்டர், பாதாளச் சிறை. வலது ஓரத்தில் ஆட்கள்: மன்னர், எமன், வாட்ச்மேன், கிளி ஜோசியர். நடுவில் கோடு இழுத்து ஜோடி சேர்ப்பேன். லிஃப்டில் எமன், “மேலயா, கீழயா?” இது எல்லாருக்கும் தோன்றும், ஆகவே தள்ளு. முதல் பத்து இப்படித்தான் போகும். பதினொன்றாவதிலிருந்துதான் ஏதாவது அசையும். ரப்பர் கிட்டேயே வரக்கூடாது. முடிந்த ஜோக்குக்கு டிக், பாதியில் நிற்பதற்கு வட்டம், அவ்வளவுதான் குறி.

நோட்டை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அந்த வட்டங்கள்தான். பழைய பாதி ஜோக், தேடாமலேயே கண்ணில் பட வேண்டும். தேடினால் கிடைக்கும் என்றால் எனக்கு உபயோகமில்லை, ஏனென்றால் எதைத் தேடுவது என்றே எனக்குத் தெரியாது. ஒரு பக்கத்தில், கூண்டு திறந்திருக்கிறது, கிளி வெளியே வரவில்லை, ஜோசியர் தலையைச் சொறிகிறார். வசனம் இல்லை. “கிளி ஏன் வரலை???” என்று எழுதி வட்டம் போட்டிருந்தேன். எதிர்ப்பக்கம் மறுநாள் கிறுக்கியது: கூரியர் பையன் பார்சலைத் தராமல் ஓ.டி.பி. கேட்கிறான். தினம் நடப்பதை அப்படியே வரைந்தால் யார் சிரிப்பார்கள்? அதற்கும் வட்டம். ஒன்றரை வருடம் இரண்டும் முகத்தோடு முகம் மூடிக் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியோடு புரட்டும்போது கண் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவியது. ஜோசியர் சொல்கிறார்: “உங்க ஃபோனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், அதைச் சொன்னாதான் சீட்டெடுக்குமாம் சார்!” அந்த வாரம் அதுதான் முதலில் தேறியது.

உதிரித் தாளில் இந்த இரண்டும் எந்தெந்தக் கட்டில் போயிருக்குமோ. டேப்லெட்டில் கூரியர் பையனை அன்றைக்கே அழித்திருப்பேன்.

நோட்டிலும் தொல்லை இல்லாமல் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு விரிக்க முடியாது. வெளியில் தோன்றுவதை ஃபோனில் நாலு வார்த்தை தட்டி வைத்து, ராத்திரி நோட்டில் ஏற்றுகிறேன். ஏற்றாமல் விட்ட நாள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமைப் புரட்டலுக்கு இருபது நிமிடம் ஒதுக்க முடியாதவருக்கு நோட்டும் பரண் குப்பைதான். தினசரிக்கு அரசியல் கார்ட்டூன் போடுகிறவர்களுக்கும் நான் சொல்வது பொருந்துமா தெரியாது. நேற்றைய செய்தியே அவர்களுக்குப் பழசு, ஒன்றரை வருடத்துக் கிளியை வைத்து என்ன செய்வார்கள்? அந்தப் பக்கம் நான் வேலை பார்த்ததில்லை.

இப்போது ஓடுவது ஒன்பதாவது நோட்டு. ஒவ்வொரு அட்டையிலும் எந்த மாதம் ஆரம்பித்தது என்று எழுதி, அதற்குக் கீழே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறேன்: ‘எடைக்குப் போடக்கூடாது’.