டார்னோவ்ஸ்கியே கூரி வெள்ளிச் சுரங்கம்: மெய்நிகர் சுற்றுலாவில் எனக்குப் பிடிபட்டவை

பழைய வெள்ளிச் சுரங்கங்களை மெய்நிகர் சுற்றுலாவில், அதாவது திரையில் 360 டிகிரிப் படங்கள் வழியே, பார்க்கும் பழக்கம் எனக்குச் சில வருடங்களாக உண்டு. பல நாட்டுச் சுரங்கங்களைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் திரும்பத் திரும்பப் போவது தெற்குப் போலந்தில், சைலீசியா பகுதியில் இருக்கும் டார்னோவ்ஸ்கியே கூரிக்குத்தான். 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஈய, வெள்ளி, துத்தநாகச் சுரங்கம் அது.

பளபளக்கும் வெள்ளியைத் தேடி உள்ளே போகாதீர்கள். இங்கே வெள்ளி தனியாகக் கிடைக்கவில்லை. கலீனா என்ற ஈயத் தாதுவில் துளித்துளியாகக் கலந்திருந்தது. தாதுவை உருக்கி ஈயத்தைப் பிரித்து எடுத்தால்தான் கடைசியில் கொஞ்சம் வெள்ளி மிஞ்சும். திரையில் நமக்குத் தெரிவது டோலமைட் பாறைச் சுவர்கள்தான்.

அங்கே பார்க்க வேண்டியது தண்ணீர். தோண்டத் தோண்ட ஊற்று அடித்த மண் அது. நீரை இறைக்க 1788-இல் வேல்ஸிலிருந்து நீராவி எஞ்சினையே கொண்டுவந்தார்கள். 1790-இல் கவிஞர் கதே அதைப் பார்க்க வந்தார். அப்புறம் 1821-இல் தொடங்கி 1834-இல் முடித்த ஃப்ரெட்ரிக் ஆழ்கால்வாய் வந்தது. பாறையைக் குடைந்து லேசான வாட்டம் கொடுத்து விட்டதால், இறைப்பே இல்லாமல் தண்ணீர் தானாக ஓடி வெளியேறியது. அந்தக் கால்வாயின் 600 மீட்டர் நீளத்தில் இன்று படகு விடுகிறார்கள். அந்தப் பகுதிக்குக் ‘கறுப்பு டிரவுட்’ என்று பெயர்; டிரவுட் என்பது ஒரு மீன். இப்படிப் பிரதான வடிகால்கள் மட்டும் 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன.

இந்த வாட்டம்தான் 360 டிகிரிப் படத்தில் தெரியாது. எல்லாமே சமதளமாகத் தோன்றும். அகலக் கோண லென்ஸ் வேறு ஒடுங்கிய வழியைக்கூட விசாலமான தாழ்வாரம்போலக் காட்டிவிடும். தள்ளுவண்டி, ஏணி, விளக்கு ஏதாவது கண்ணில் பட்டால் அதை வைத்து உயரத்தைக் கணக்கிட்டுக்கொள்வேன். சுரங்கத்தின் வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைப்பதும் அவசியம். தேவதை, விரியன், நல்வாழ்த்து என்று பொருள்படும் பெயர்களுள்ள மூன்று செங்குத்துக் குழிகளும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான், அம்புக்குறியை அழுத்தினால் எந்தத் திசையில் போகிறோம் என்பது எனக்குப் பிடிபட்டது.

சுவர்களில்தான் என் நேரம் அதிகம் போகிறது. நேரில் போனால் வழிகாட்டி நகரச் சொல்வார். இங்கே ஒரே சுவரை அரைமணி நேரம் பெரிதாக்கிப் பார்க்கலாம். உளி விழுந்த சாய்வான கோடுகள் வரிவரியாகத் தெரியும். நார்வேயின் கோங்ஸ்பெர்க் வெள்ளிச் சுரங்கத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பல இடங்களில் சுவர் வழவழவென்று வளைந்து கிடக்கும். விறகடுக்கித் தீ மூட்டி, சூட்டில் விரிசல் விட்ட பாறையைத் தட்டி எடுத்ததன் அடையாளம் அது. கருவி மாறினால் சுவரே மாறிவிடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

தலையில் மாட்டும் கருவி வாங்க வேண்டுமா என்று கேட்டால், இதற்காக மட்டும் வேண்டாம் என்பேன். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவும்போது எனக்குத் தலை சுற்றியது. உளித் தடம் போன்ற நுணுக்கங்கள் மங்கிவிட்டன. பெரிய திரையில் இருட்டறையில் பார்ப்பதே நல்லது. மொபைலில் பார்த்தால் சரிப்படாது. உள்ளே நிலவும் சுமார் 10 டிகிரி குளிரையும் ஈரத்தையும் எந்தத் திரையும் தராது, சரி. ஆனால் குனிந்து போக வேண்டிய இடத்தில் கேமரா நிமிர்ந்து நிற்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

பிள்ளைகளோடு பார்ப்பதானால் படகுப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ‘இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?’ என்று அவர்களே கேட்பார்கள். பின்னாளில் அந்தச் சுரங்க நீரையே சுற்றுப்புற ஊர்களுக்குக் குடிநீராகக் கொடுத்தார்கள் என்பதை அப்போது சொல்லுங்கள்.