என் பாட்டியிடம் தையல் மெஷினே இருந்ததில்லை: கேமரா பயிற்சி என்று 33,499 ரூபாய் போன கதை

ராஜபாளையத்தில் வீட்டோடு சேர்ந்தாற்போல் ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள். கடைக்கு ஜாக்கெட் கட்டிங் பழக வரும் பெண்கள், "அக்கா, இதையே வீடியோவாப் போடுங்க, வீட்டுக்குப் போனா மறந்துருது" என்று சொல்லிச் சொல்லித்தான் யூடியூபில் சேனல் ஆரம்பித்தேன். மிக்ஸி டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்து, அளவு ஜாக்கெட்டை மேசையில் விரித்து, வாயில் வந்ததைப் பேசிக்கொண்டே வெட்டுவேன். ஒரு வருடத்தில் 412 பேர் சேர்ந்தார்கள். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

யூடியூபில் விளம்பரப் பணம் வர வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும், கூடவே கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும் (ஷார்ட்ஸ் போடுகிறவர்களுக்கு 90 நாளில் 1 கோடி வியூஸ்). என்னிடம் 900 மணி நேரம்கூட இல்லை. அந்த ஏக்கத்தில் இருந்தபோதுதான் இன்ஸ்டாகிராமில் அந்த விளம்பரம் வந்தது. கேமரா முன்னால் கூச்சமா, உங்களுக்குள் இருக்கும் உண்மையான உங்களை வெளியே கொண்டுவருகிறோம், 90 நாளில் மானிடைசேஷன், இல்லையென்றால் பணம் வாபஸ். மதுரையில் ஒரு நாள் வகுப்பு, 499 ரூபாய். 499 ரூபாய்தானே, போனால் போகிறது என்று கிளம்பினேன். அந்தக் கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஹோட்டல் ஹால். எண்பது பேர் இருப்போம். சித்திரை வெயிலில் கோட் போட்டுக்கொண்டு பயிற்சியாளர் மேடைக்கு வந்தார். பெரிய திரையில் வில்லேஜ் குக்கிங் சேனலைப் போட்டுக் காட்டினார். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக்காரர்கள், 2018-இல் ஆரம்பித்தார்கள், 2021-இல் 1 கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ் சேனல். அடுத்து ஆந்திராவின் மஸ்தானம்மா பாட்டி. நூறு வயதைத் தாண்டியவர் என்று சொல்வார்கள், 2018 டிசம்பரில் இறந்துபோனார். தரையில் உட்கார்ந்து கையாலேயே தக்காளித் தோலை உரிப்பார். "இவங்க யாரும் நடிக்கலை, அதான் ஜெயிச்சாங்க" என்றார் கோட்டுக்காரர். ஹாலே கைதட்டியது, நானும்தான். அவர் காட்டிய ஆட்களில் ஒருவர்கூட எந்த வகுப்புக்கும் காசு கட்டிப் போனதாகத் தெரியவில்லையே என்று அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றி என்ன செய்ய.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் கேமரா முன்னால் பேச வேண்டும். ஜாக்கெட்டில் கை வைத்துத் தைக்கும் இடத்தில் சுருக்கம் விழுவது ஏன் என்று நான் சொன்னேன். மார்க் போட்டார்கள், பத்துக்கு மூன்று. "மேடம், உங்க நாலெட்ஜ் சூப்பர். ஆனா ஸ்க்ரீன்ல பெர்சனாலிட்டி ஜீரோ." முகம் சுண்டிப்போனது. அன்று ஹாலில் இருந்த ஐந்து பேரிடம் பிறகு விசாரித்ததில், மூன்றுக்கும் நான்குக்கும் மேல் யாருக்கும் விழவில்லை என்று தெரிந்தது. மனசை உடைத்துவிட்டு மருந்தை விற்கிற வேலை.

மூன்று மாதப் பயிற்சி 60,000 ரூபாயாம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் கட்டினால் 25,000, ஜிஎஸ்டி 4,500. ஆக 29,500. மகளிர் குழுவில் மெஷின் மாற்றுவதற்காக வாங்கிய கடன் கணக்கில் அப்படியே இருந்தது. ஜிபேயில் அனுப்பினேன். பணம் போனது ஒரு தனிநபர் பெயருக்கு. ரசீதில் ஜிஎஸ்டி என்று தொகை இருந்தது, நம்பர் இல்லை. 15 இலக்க ஜிஎஸ்டி நம்பரை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

பயிற்சி என்றால் ஜூமில் எட்டு வகுப்பு. முதல் மூன்றுக்குக் கோட்டுக்காரர் வந்தார், மீதி ஐந்துக்கு ஒரு பையன் ஸ்லைடைப் படித்துக் காட்டினான். அப்புறம் ஒரு பிடிஎஃப். அதில் மூன்றாம் பக்கத்துத் தலைப்பு "உங்கள் உண்மைக் கதை". கீழே கோடிட்ட இடங்கள்: 'என் பாட்டி தன் பழைய _____ எனக்குக் கொடுத்துவிட்டுச் சொன்ன ஒரே வார்த்தை, _____.' என் பாட்டி தோட்ட வேலைக்குப் போனவள், அவளுக்கும் தையலுக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். "சிஸ்டர், எமோஷனல் கனெக்ட் வேணும். தையல் மெஷின்னு போடுங்க" என்றான் பையன். போட்டேன். கண் கலங்குகிற மாதிரி பேசச் சொல்லி நாலு டேக் எடுக்க வைத்தார்கள். என் பாட்டி இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

வீடியோ "ஹலோ மக்களே!" என்று கை தட்டித்தான் தொடங்க வேண்டும். குரலை ஒரு கட்டை ஏற்றிப் பேச வேண்டும். பத்து விநாடிக்கு ஒரு சிரிப்பு. 'அங்கிட்டு, இங்கிட்டு' கூடாது. தையல்காரி என்று சொல்லக் கூடாது, டிசைனர். பின்னால் தொங்குகிற மளிகைக் கடை காலண்டரைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் செய்தேன். அதற்கு மேல் ஒன்று செய்தேன், அதைத்தான் இன்றும் நினைத்து நினைத்துப் புழுங்குகிறேன். பழைய வீடியோ ஒன்றில் முன்பக்கக் கழுத்தை அரை இஞ்ச் அதிகமாக இறக்கி வெட்டிவிட்டு, "அடப்பாவி, போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு, அதே துணியில் பட்டி கொடுத்து எப்படிச் சமாளிப்பது என்று காட்டியிருப்பேன். அது 'பிராண்டுக்கு' ஆகாது என்று அழிக்கச் சொன்னார்கள். அழித்துவிட்டேன். யூடியூபில் அழித்தது திரும்பி வராது. என் போனிலும் அது இல்லை.

யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு வரும். எந்த விநாடியில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அதில் தெரியும். பார்த்த இடத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தால் கோடு அங்கே மேலே எழும்பும். அழித்த அந்த வீடியோவில் அப்படி எழும்பிய இடம் எது தெரியுமா? நான் தலையில் அடித்துக்கொண்ட இடம். ஜாக்கெட் தைக்கிற எல்லாருக்கும் கழுத்து கொஞ்சம் இறங்கிப்போகும், அதைச் சரிசெய்யத்தான் ஆள் வேண்டும். அந்தக் கோட்டைக் கோட்டுக்காரர் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கச் சொன்னதில்லை. பழைய வீடியோக்களில் 30-ஆவது விநாடியில் நூற்றுக்கு 64 பேர் இருந்தார்கள். 'ஹலோ மக்களே' வந்த பிறகு 27. பாட்டி கதை பேசிய வீடியோவில் அதுவும் இல்லை. துணியை வெட்டுகிற இடத்துக்கு வருவதற்குள் இரண்டரை நிமிடம் ஓடிவிடும், யார் உட்கார்ந்திருப்பார்கள்?

எதிர்வீட்டு மதினி ஒரு நாள் கேட்டே விட்டாள், "ஏன் மதினி, யாரும் மிரட்டிப் பேச வைக்காகளா?" என்று.

நாற்பது நாள் ஆகியும் எண்ணிக்கை ஏறவில்லை என்று சொன்னேன். "எங்க டெக்னிக்கல் டீம் பூஸ்ட் பண்ணுவாங்க, பாஸ்வேர்டு கொடுங்க" என்றார்கள். கொடுத்தேன், போனுக்கு வந்த ஓடிபியையும் வாசித்துக் காட்டினேன். ஒரு வாரத்தில் 1,312 சப்ஸ்கிரைபர். மணி நேரமும் 4,000-ஐத் தாண்டியது. தெருவில் எல்லாருக்கும் கேசரி கொடுத்தேன். மானிடைசேஷன் விண்ணப்பக் கட்டணம் என்று 3,500 கேட்டார்கள், அதையும் கட்டினேன். விளம்பரப் பணம் தருகிற யூடியூப் பார்ட்னர் திட்டத்தில் சேர யூடியூப் ஒரு பைசா வாங்குவதில்லை.

அடுத்த வாரமே யூடியூப் போலிக் கணக்குகளைக் கழித்துவிட்டது. 1,312 ஒரே இரவில் 391 ஆனது. என்னோடு ஒரு வருடமாக இருந்த 412 பேரிலும் சிலர் போயிருந்தார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பார்த்தவர்கள் எந்தெந்த ஊர் என்று ஸ்டுடியோவில் பார்த்தால், தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரிந்திருக்காத நாடுகள் வரிசையாக. காசு கொடுத்து சப்ஸ்கிரைபரும் வியூஸும் வாங்குவது யூடியூப் விதிப்படி குற்றம். நாம் அமர்த்திய ஆள் செய்தாலும் அடி விழுவது நம் சேனலுக்குத்தான். யாராவது நமக்கு வேலை செய்து தர வேண்டுமென்றால் பாஸ்வேர்டே தேவையில்லை. ஸ்டுடியோ செட்டிங்ஸில் 'பெர்மிஷன்ஸ்' என்று இருக்கிறது, அதில் அவர்களுடைய மெயிலைப் போட்டு எடிட்டராகச் சேர்க்கலாம், வேண்டாமென்றால் நீக்கலாம். இதை நான் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு.

பணத்தைக் கேட்டேன். "90 நாளில் 90 வீடியோ போட்டால்தான் கியாரண்டி, பதினோராம் பக்கம் பாருங்க" என்றார்கள். ஹாலில் அந்தப் பேச்சே இல்லை. தினம் நாலு ஜாக்கெட் தைக்கிறவள் எப்படி தினம் ஒரு வீடியோ போடுவாள்? கடைசியில், "நீங்க மனசைத் திறந்து கேமரா முன்னாடி வரலை சிஸ்டர்" என்று பழியும் என் தலையில்.

அவமானத்தில் ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு சமையல் வீடியோ வந்தது. திண்டுக்கல் பக்கத்து அம்மா ஒருவர். "ஹலோ மக்களே!" என்று கை தட்டினார். எனக்குப் பகீர் என்றது. கொஞ்ச நேரத்தில் கண் கலங்க, தன் பாட்டி கொடுத்த பழைய அம்மிக்கல்லைப் பற்றிச் சொன்னார். பாட்டி சொன்ன ஒரே வார்த்தையையும் சொன்னார். என் பாட்டி சொன்னதாக நான் சொன்ன அதே வார்த்தை! எழுந்து உட்கார்ந்து தேடினேன். ஒரு தம்பிக்குத் தாத்தாவின் மீன் வலை. ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பாட்டியின் மருதாணிக் கிண்ணம். மொத்தம் ஆறு சேனல். ஆறு பேருக்கும் அதே கைதட்டு, அதே சிரிப்பு. வில்லேஜ் குக்கிங் சேனலைக் காட்டி எங்களுக்கு விற்றது இந்த ஒற்றை முகமூடியைத்தான்.

அந்த அம்மாவைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவரும் 29,500.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் தந்தார்கள். கம்பெனி அதற்கு அசையவில்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். 2019-ஆம் வருடச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர்கள் பாஸ்வேர்டு கேட்டது, இவையெல்லாம் என்னிடம் இருந்தது பெரிய புண்ணியம். விளம்பரத்தை அவர்கள் இப்போது எடுத்துவிட்டார்கள். உங்களிடம் ஏமாற்றிப் பணத்தை உருவியிருந்தாலோ சேனலையே பறித்திருந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-க்கு, அதாவது சைபர் குற்ற உதவி எண்ணுக்கு, போன் செய்யுங்கள்.

33,499 ரூபாய். லைனிங் ஜாக்கெட் ஒன்றுக்கு 400 வாங்குகிறேன். 84 ஜாக்கெட், நூலையும் ஊக்கையும் கரண்டையும் கழிக்காமல்.

கேமரா முன்னால் பேசுவதில் எனக்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது. அதைச் சரிசெய்தது எங்கள் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிற பையன், சட்டைக் கையைச் சின்னதாக்க வந்த இடத்தில். "அக்கா, செல்ஃபி கேமராவுல எடுத்தா ஆளு தன் மூஞ்சியத்தான் பாக்கும், கண்ணு ஓரமாப் போயிரும். பின்பக்கக் கேமராவுல எடுங்க" என்றான். போனுக்குப் பின்னால் ஜாக்கெட் பழக வந்த பெண்ணை ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். மக்களே வேண்டாம், இவளுக்கு மட்டும் சொல்லிக் கொடுங்க என்றான். ஃபேன் சத்தத்துக்குக் காலரில் மாட்டுகிற மைக் ஒன்று. அவ்வளவுதான். பெண் நடுவில் "அக்கா புரியலை" என்பாள், நான் "எங்கிட்டுப் பார்க்குற, டேப்பைப் பாரு" என்று திட்டுவேன். அதை வெட்டி எடுப்பதில்லை. காலண்டரை மறுபடி மாட்டிவிட்டேன். இப்போது 530 பேர், 30-ஆவது விநாடியில் கோடு 60-க்கு மேல் நிற்கிறது. கையால் தைக்கிற வேகத்தில் போகிறது, போகட்டும்.

அடுத்த வாய்தாவுக்கு அந்தத் திண்டுக்கல் அம்மா தன் பிடிஎஃபை எடுத்துக்கொண்டு சாட்சிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். உங்களுக்கும் யாராவது அந்த மூன்றாம் பக்கத்தைக் கொடுத்திருந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். பாட்டி, தாத்தா, அத்தை, யாராக இருந்தாலும் சரி, அந்தப் பக்கம் எங்களுக்கு வேண்டும்.